பழைய ஸ்வான் வாங்குவோர் நம்புபவை

பின்லாந்தின் மேற்குக் கரையில் பியெட்டர்சாரி என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. 1966-ல் பெக்கா கொஸ்கென்குலா என்பவர் அங்கே நௌட்டோர் படகுத் தளத்தைத் தொடங்கினார். நியூயார்க்கின் ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீபன்ஸ் வடிவமைப்பகத்திடம் வரைபடம் பெற்று, கண்ணாடி இழையில் 36 அடிப் பாய்ப்படகு ஒன்றைக் கட்டி, அதற்கு ஸ்வான் என்று பெயரிட்டார். உலகைச் சுற்றும் முதல் விட்பிரெட் பந்தயத்தில், 1973-74-ல், மெக்ஸிகோவின் ரமோன் கார்லின் ‘சயூலா 2’ என்ற ஸ்வான் 65 படகில் வென்றார். அன்றிலிருந்து இந்தப் பெயருக்குத் தனி மதிப்பு. படகின் பக்கவாட்டில் ஓடி அம்புமுனையில் முடியும் அந்த மெல்லிய கோட்டைக் கண்டாலே வாங்க வருபவரின் மனம் இளகிவிடும். தவறான நம்பிக்கைகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் நம்பிக்கை: “ஸ்வான் என்றால் கட்டுமானம் உறுதி. லாயிட்ஸ் சான்றிதழே இருக்கிறதே!”

கட்டுமானம் உறுதி என்பது உண்மைதான். அந்தக் காலப் படகுகள் பல, லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் மேற்பார்வையில் வார்க்கப்பட்டவை. ஆனால் அந்தச் சான்றிதழ் படகு பிறந்தபோது எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அதன்பின் எத்தனை முறை பாறையில் தட்டியது, யார் எப்படிச் செப்பனிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. 2023-ல் தொடங்கிய, உலகைச் சுற்றும் ஓஷன் குளோப் பந்தயத்தில் ‘டிரான்ஸ்லேட்டட் 9’ என்ற பழைய ஸ்வான் 65 ஓடியது. பாய்ப்படகோட்டி கிளேர் பிரான்சிஸ் 1977-78 விட்பிரெட்டில் செலுத்திய அதே படகு. பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டிருந்தும், உடற்பகுதியில் சேதம் கண்டு நடுவழியில் ஒதுங்க நேர்ந்தது. ஐம்பது வயதை நெருங்கும் உடலைத் தென்கடலின் அலைகள் விடாமல் அறைந்தால் எந்தப் படகுத் தளத்தில் கட்டிய படகுக்கும் இது நேரலாம்.

ஒரே ஆண்டில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பால்டிக் கடலிலேயே வாழ்ந்தது. அங்கே பல பகுதிகளில் குளிர்காலத்தில் கடல் உறையும் என்பதால் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கரையேறி, பாதி ஆண்டு கொட்டகையில் காய்ந்தது. மற்றொன்று கரீபியனில் வாடகைக்கு ஓடி, ஆண்டு முழுவதும் வெந்நீர் போன்ற கடலிலும் உச்சி வெயிலிலும் கிடந்தது. இரண்டிலும் அதே அம்புக்கோடுதான். எது எங்கே வாழ்ந்தது என்று கேட்காமல் விலை பேசுவது பெரும் பிழை.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படும் நம்பிக்கை: “தேக்கு மேல்தளம் பொன்னிறமாக மின்னுகிறது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்.”

பர்மா தேக்கு என்றால் நமக்குச் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் நினைவுக்கு வரும். தலைமுறைகள் தாண்டியும் அவை நிற்கின்றன. ஆனால் அவை கூரைக்குக் கீழே நிழலில் நிற்பவை. படகின் தளத்திலோ உப்புநீரும் வெயிலும் காலடியும் ஓயாது. அங்கே தேக்கு வெள்ளிச் சாம்பல் நிறமாக மாறுவது இயல்பு. அதுவே நலமான நிறம். பழைய படகில் பொன்னிறம் தெரிந்தால், பெரும்பாலும் விற்பனைக்கு முன் யாரோ உப்புத்தாள் போட்டு இழைத்திருக்கிறார்கள், அல்லது அமிலக் கரைசல் பூசிக் கழுவியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் தேயும். சில மில்லிமீட்டர் பருமனே உள்ள பலகையில் இப்படித் தேய்த்துக்கொண்டே போனால், திருகாணித் தலைகளை மறைக்கும் மரக்குச்சிகள் கழன்று வரும். பலகைகளின் இடுக்கில் பூசிய கறுப்பு ரப்பர் பசை மேடாகத் துருத்தி நிற்கும்.

உண்மையான ஆபத்து அதற்கும் கீழே இருக்கிறது. பழைய ஸ்வான்களில் இந்தப் பலகைகளைக் கண்ணாடி இழைத் தளத்தின் மேல் நூற்றுக்கணக்கான திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். தளம் என்பது இரண்டு ஓடுகளும் நடுவே இலேசான நிரப்புப் பொருளும் சேர்ந்த அடுக்கு. பசை வறண்டதும் ஒவ்வொரு திருகாணியும் தண்ணீர் இறங்கும் வழியாகிறது. நிரப்பு ஊறுகிறது, ஓட்டிலிருந்து பிரிகிறது, மரமாக இருந்தால் மக்கிப்போகிறது. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தொழில் தெரிந்த படகுச் சர்வேயர் சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கெட்டியாக ஒலித்தால் நல்லது; ‘தொப்’ என்று அமுங்கி ஒலித்தால் உள்ளே ஈரம். ஈரமானியையும் வைத்துப் பார்ப்பார். உள்ளறையின் கூரைத் தட்டியைக் கழற்றி, கீழே கசிந்த பழுப்புக் கறையையும் தேடுவார்.

தளத்தை மாற்றும் செலவில் மரம் ஒரு பங்குதான். கயிறு இழுக்கும் வின்ச், கம்பித் தூண், சாளரம் என்று தளத்தில் பொருத்திய அத்தனையையும் கழற்றி, ஊறிய பகுதியை வெட்டி நிரப்பி, மீண்டும் பொருத்தும் கூலியே பெரிது. பழைய படகுகள் சிலவற்றில் இந்தச் செலவு வாங்கிய விலையோடு போட்டி போடும். மரமும் எளிதில் கிடைப்பதில்லை. பர்மா தேக்கு விளையும் மியன்மாவின் அரசு மர நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூனில் தடை விதித்தது. இப்போது புதிய தளங்களைத் திருகாணி இல்லாமல் பசையால் ஒட்டுகிறார்கள். தேக்கையே விட்டுச் செயற்கைத் தளத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு. பழைய தளத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர் கடல்நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு, மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்தால் போதும். பிரஷர் வாஷரை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

பாய்மரத்தைத் தாங்கும் உலோகத் தண்டுகளும் இப்படித்தான் கண்ணை ஏமாற்றும். கம்பி வடமாக இருந்தால் இழை அறுந்து முள்ளாக நீட்டி எச்சரிக்கும். ராட் எனப்படும் இந்தத் திடமான தண்டுகளோ கடைசிவரை பளபளக்கும். விரிசல் விழுவது பிடிப்புக்குள் மறைந்திருக்கும் தலைப்பகுதியில். கழற்றிச் சோதித்த தேதியைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனமும் அதைத்தான் கேட்கும்.

“அதிகம் ஓடாத படகுதான் நல்லது” என்பது காரைப் பார்த்துப் பழகிய மனம் சொல்வது. ஓடாத டீசல் எஞ்சினில் ரப்பர்கள் காய்ந்து வெடிக்கும், தொட்டியில் தண்ணீர் சேர்ந்து நுண்ணுயிர்ப் பாசி படியும், கடல்நீர்க் குழாய்கள் உப்பால் அடைபடும். ஒழுங்காக ஓடி, எண்ணெய் மாற்றிய ரசீதுகளோடு வரும் எஞ்சினையே நான் தேர்ந்தெடுப்பேன்.

விலையைப் பற்றிய நம்பிக்கை இன்னும் கொடியது: “புதிதின் ஒரு சிறு பங்கு விலைக்கு 65 அடிப் படகு கிடைக்கிறதே!” கிடைக்கும். ஆனால் துறைமுக வாடகை, பாய்கள், அடிப்பகுதிப் பூச்சு, கரையேற்றும் கிரேன் எதுவும் நீங்கள் கொடுத்த விலையைப் பார்ப்பதில்லை. படகின் நீளத்தைப் பார்க்கும். படகு விலையில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கினால் போதும் என்ற கணக்கு பழைய பெரிய படகில் பொய்த்துப்போகும். விலை குறையக் குறைய அந்தச் சதவீதம் ஏறும். இதைத் தெரியாமல் வாங்கி, இரண்டாம் ஆண்டே துறைமுகத்தில் கட்டிப்போட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு நல்ல படகு அப்படி வீணாவதைக் காண வேதனையாக இருக்கிறது.

கடைசியாகக் காகிதங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வைத்து ஓட்டுவதானால் மதிப்புக் கூட்டு வரி செலுத்திய சான்று வேண்டும். 1985-க்கு முன்பே பயன்பாட்டில் இருந்து, 1992 டிசம்பர் 31-ல் ஒன்றியத்துக்குள் இருந்த படகுக்கு விலக்கு உண்டு. அந்த நாளில் எங்கே இருந்தது என்பதற்குத் துறைமுக ரசீது போன்ற ஆதாரம் தேவை. 1998 ஜூன் நடுவில் பொழுதுபோக்குப் படகுகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு விதி கட்டாயமானது. அதன்பின் வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் முதன்முறையாக வரும் படகு, பழையதானாலும் பொதுவாக அந்த விதிக்கு உட்பட வேண்டும். ஒப்பந்தத்தில் ‘சர்வேக்கு உட்பட்டது’ என்ற விதியைச் சேர்த்து, சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரோ புரோக்கரோ கைகாட்டுபவர் வேண்டாம். தண்ணீரில் மிதக்கும்போது பார்த்த சர்வே பாதி சர்வே. கிரேனில் தூக்கி, கீல் எனப்படும் அடித்தண்டு உடலோடு சேரும் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, பிறகு பாய் விரித்துக் கடலில் ஓட்டிப் பார்த்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.