டீசலில் வளரும் பூசணம்: விரைவில் கண்டறியும் முறை

திருச்சி, திருவரங்கம் வட்டாரங்களில் வாய்க்கால்களில் நீர் ஓடும் மாதங்களில் ஆயில் என்ஜின்களுக்கு வேலை குறைவு. பீப்பாயில் மீந்த டீசல் அப்படியே கிடக்கும். பின்னர், வாழை குலை தள்ளும் சமயத்தில் தண்ணீர் தேவைப்பட்டு என்ஜினை ஓட்டினால், சிறிது நேரத்தில் திணறி நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் வடிகட்டியில் பழுப்பு நிறக் கசடு வழவழப்பாக அடைத்திருக்கும். இது வெறும் அழுக்கன்று. டீசலை உண்டு வளரும் நுண்ணுயிர்களின் திரளாகவும் இருக்கலாம்.

காரணம்

அரைகுறையாக நிரம்பிய பீப்பாயில், காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிர்ச்சியில் நீராகி அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சேரும் இடத்தில் பாக்டீரியாக்களும் பூசணங்களும் பெருகுகின்றன. இவற்றுள் முக்கியமானது 'ஹார்மோகோனிஸ் ரெசினே' என்னும் பூசணம். விமான எரிபொருள் தொட்டிகளிலும் தொல்லை தருவது இதுவே. நுண்ணுயிர்கள் வெளியிடும் அமிலங்கள் தொட்டியையும் அரிக்கும்.

எதிர்ப்பொருள் சோதனை

ஆய்வகத்தில் நுண்ணுயிரை வளர்த்துப் பார்க்கச் சில நாட்களாகும். எதிர்ப்பொருள் பட்டை சில நிமிடங்களில் விடை தரும். எதிர்ப்பொருள் என்பது, பூட்டுக்கேற்ற சாவி போல, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம். தொட்டியின் அடியிலிருந்து எடுத்த மாதிரியைத் தயாரித்து, சில துளிகளைப் பட்டையில் இட வேண்டும். துளி ஊறிச் செல்லும்போது, நிறமேற்றிய எதிர்ப்பொருள் நுண்ணுயிரின் பொருளைப் பற்றும். அதைக் கோடுகள் காட்டிவிடும். சில பட்டைகளில் கோடு தோன்றினால் கெடுதல். சிலவற்றில் தோன்றாவிட்டால் கெடுதல். எனவே உறையிலுள்ள குறிப்பைப் படித்தல் அவசியம்.

திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வாழையின் வைரசைக் கண்டறியும் 'எலிசா' சோதனையும் இதே தத்துவத்தில் அமைந்ததே.

பட்டை தனக்குரிய நுண்ணுயிர்களை மட்டுமே காட்டும். செத்த நுண்ணுயிரின் எச்சத்தையும் காட்டக்கூடும். ஆகவே மருந்திட்டால் மட்டும் போதாது; தொட்டியையும் கழுவ வேண்டும்.

உழவர் செய்ய வேண்டியவை

டீசலை மிகுதியாகச் சேமிக்கும் இடங்களுக்கே பட்டை ஏற்றது. சிறு உழவர்களுக்குக் கீழ்க்கண்டவை போதும்.

1. பீப்பாயின் அடியிலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, அசையாமல் வைக்கவும். அடியில் நீரும், இடையில் பழுப்பு ஆடையும் தெரிந்தால் எச்சரிக்கை கொள்ளவும்.

2. அடிநீரை அவ்வப்போது வடித்துவிடவும். அதை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது.

3. பீப்பாயை நிழலில், மழை படாமல், மூடி இறுக வைக்கவும்.

4. தேவைக்கு மட்டுமே வாங்கி, பழையதை முதலில் செலவிடவும்.

5. வடிகட்டி அடிக்கடி அடைத்தால், அதை மாற்றுவதோடு நில்லாமல் தொட்டியையும் சுத்தம் செய்யவும்.

அடிநீரை வடிக்க ஆகும் சில நிமிடங்கள், பயிர் வாடும் வேளையில் என்ஜின் நிற்காமல் காக்கும்.