கடைசிப் படகு போன பிறகு காப்ரி

காப்ரிக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நேப்பிள்ஸ் வளைகுடாவின் தென்முனையில் இருக்கும் இந்த இத்தாலியத் தீவின் பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். கோடைக் காலையில் நேப்பிள்ஸிலிருந்தும் சொரெந்தோவிலிருந்தும் படகு படகாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். முற்பகலுக்குள் மரீனா கிராந்தே துறைமுகத்தில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. மாலையானதும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். பகலில் மட்டும் வந்து போனவர்கள் விலையையும் வரிசையையும் சொல்லிச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அதிகாலையும் அந்தியும் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். செலவைக் குறைக்க இரவுத் தங்கலை வெட்டுவதைவிட, தீவில் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டலாம்.

தீவில் இரண்டு ஊர்கள். துறைமுகத்துக்கு மேலே காப்ரி. அதற்கும் மேலே, மலையின் மேற்குப் பக்கம் அனகாப்ரி. சினிமா நட்சத்திரங்களும் உயர்ரகக் கடைகளும், படங்களில் பார்க்கும் அந்தச் சின்னஞ்சிறு சதுக்கமான பியாசெத்தாவும் கீழூரில் இருக்கின்றன. நான் சிபாரிசு செய்வது மேலூரை. வாடகை பொதுவாகக் குறைவு, காற்று அதிகம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடும் தெருக்கள் இன்னும் உண்டு. நாங்கள் தங்கியது எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டின் மாடி அறையில். வீட்டுக்கார அம்மாள் அடுப்படிக் கதவில் படகு நேர அட்டவணையை ஒட்டி வைத்திருந்தார். அவர் படகில் எங்கும் போகிறவர் இல்லை. எந்த நேரத்தில் பஸ்ஸில் இடம் இருக்கும், எப்போது காய்கறி வாங்கக் கீழே போகலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். மறுநாளே நானும் அந்த அட்டவணையைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டேன். வழிகாட்டிப் புத்தகத்தைவிட எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கோடைப் பருவத்தில் வெளியூர்க்காரர்கள் தீவுக்குக் கார் கொண்டுவர முடியாது. காப்ரி நகரின் சந்துகளில் கார் நுழையவும் நுழையாது. சரக்கையும் பெட்டிகளையும் ஒடுக்கமான மின் வண்டிகள்தான் இழுத்துப் போகின்றன. துறைமுகத்திலிருந்து பியாசெத்தாவுக்கு ஏற்றிச் செல்லும் விஞ்ச் ரயில் 1907 முதல் ஓடுகிறது. அதிலும் சரி, அனகாப்ரிக்குப் போகும் குட்டி பஸ்ஸிலும் சரி, பெரிய பெட்டியோடு ஏறுவது பெரும்பாடு. முதுகில் மாட்டும் பை ஒன்று போதும் என்ற அளவில் கிளம்புங்கள். பெரிய பெட்டியை நேப்பிள்ஸ் ரயில் நிலையத்திலேயே விட்டுவரலாம்.

நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது? கூட்டம் எங்கே இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது என்பதுதான் நான் கடைப்பிடித்த ஒரே ஒழுங்கு. விடிந்ததும் நடை. எனக்குப் பிடித்த பாதை பியாசெத்தாவில் தொடங்கி, வீடுகளின் மதில்களுக்கு இடையே கிழக்கே போய், ஆர்கோ நதுராலே என்ற இயற்கைப் பாறை வளைவை அடைகிறது. அங்கிருந்து படிகள் சரசரவென்று இறங்கும். வழியில் மாதெர்மானியா குகை. ரோமானியர்கள் அதன் உட்சுவரைக் கட்டிச் சீர்செய்து வைத்திருந்த தடம் இன்னும் தெரிகிறது. பிறகு பிஸ்ஸோலுங்கோ பாதை கடலை ஒட்டியே வளைந்து போகும். கீழே ஒரு பாறை முனையில் செந்நிறமாக, கூரையே படிக்கட்டாக ஒரு வீடு தெரியும். எழுத்தாளர் மலபார்த்தே கட்டியது. கோதார் 1963இல் வெளியிட்ட ‘வெறுப்பு’ திரைப்படத்தில் பிரிஜித் பார்தோ நடந்த மாடி அதுதான். தனியார் இடம் என்பதால் மேலிருந்து பார்ப்பதோடு சரி, அதுவே போதும். பாதை முடியும் இடத்தில் ஃபரல்யோனி பாறைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. கரையை ஒட்டிய பாறையின் உயரம் 109 மீட்டர். இந்தப் பாதையை வளைவிலிருந்து தொடங்கி பாறைகளில் முடியுங்கள். எதிர்த்திசையில் போனால் அத்தனை படிகளையும் ஏற வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும், நடுவழியில் கடை கிடையாது.

தண்ணீர் என்றதும் தீபேரியஸ் நினைவுக்கு வருகிறார். ரோமப் பேரரசர் அவர், கி.பி. 27 வாக்கில் இந்தத் தீவுக்கு வந்து, 37இல் இறக்கும் வரை ரோமுக்குத் திரும்பவே இல்லை. உலகின் பெரும் பகுதியை ஆண்டவர் இங்கிருந்தே கடிதம் எழுதி ஆண்டார். கிழக்கு முனையில், கடலுக்கு மேலே 334 மீட்டர் உயரத்தில் அவருடைய வில்லா யோவிஸின் இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும், அரசர் தமக்குப் பிடிக்காதவர்களைத் தள்ளிவிட்டதாகச் சொல்லப்படும் செங்குத்துப் பாறையைத் தேடுகிறார்கள். அவரை வெறுத்தவர்கள் எழுதி வைத்த கதைகள் அவை. வரலாற்றாசிரியர்கள் பலர் அப்படியே நம்புவதில்லை. நான் நின்று நின்று பார்த்தது மாளிகையின் நடுவில் இருக்கும் பிரம்மாண்டமான நீர்த்தொட்டிகளை. இந்தச் சுண்ணாம்புப் பாறைத் தீவில் ஊற்றுகள் மிக அரிது. மழைநீரைச் சேமித்தால்தான் உயிர்வாழ முடியும். அதனால் தொட்டிகளை நடுவில் வைத்து அவற்றைச் சுற்றி மாளிகையை எழுப்பியிருக்கிறார்கள். இன்று தீவுக்குத் தண்ணீர் கடலடிக் குழாய் வழியே வருகிறது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கார அம்மாள் காய் கழுவிய நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவார். நீங்களும் ஷவருக்கு அடியில் அரைமணி நேரம் நிற்காதீர்கள்.

வில்லா யோவிஸுக்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும், வழியெல்லாம் மேடு. இளங்காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ போவது நல்லது, திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலக் குகையைப் பற்றி என்னிடம் கேட்காதவர்களே இல்லை. மீனவர்களுக்கு எப்போதும் தெரிந்திருந்த குகைதான். 1826இல் ஜெர்மன் எழுத்தாளர் ஆகுஸ்ட் கோபிஷ் உள்ளே நீந்திப் போய், அதைப் பற்றி எழுதியதால் உலகறிந்தது. வாசல் ஒரு மீட்டர் உயரம்தான். துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி சங்கிலியைப் பிடித்து ஓர் இழுப்பில் உள்ளே கொண்டுபோவார். வாசலுக்குக் கீழே, நீருக்குள், அதைவிடப் பெரிய திறப்பு ஒன்று இருக்கிறது. வெயில் அதன் வழியே கடல்நீரைக் கடந்து வருவதால் சிவப்பு முழுவதும் வடிகட்டப்பட்டு நீலம் மட்டும் உள்ளே எட்டுகிறது. கையை நீரில் விட்டால் வெள்ளியாய் மின்னும். உள்ளே இருப்பது ஐந்து நிமிடம்தான். காத்திருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவ்வளவும் தகும் என்பது என் முடிவு. வெயில் உச்சியில் இருக்கும்போது நீலம் நன்றாக ஏறும். துறைமுகத்திலிருந்து மோட்டார் படகில் வந்து கடலில் ஆடிக்கொண்டே காத்திருப்பதைவிட, அனகாப்ரியிலிருந்து பஸ்ஸில் வந்து படி வழியாக இறங்கி வரிசையில் நிற்பது வயிற்றுக்கு நல்லது. அலை கொஞ்சம் எழுந்தாலும் குகையை மூடிவிடுவார்கள். ஒருநாள் பயணிகளுக்கு அதோடு வாய்ப்புப் போயிற்று. தங்குகிறவர்கள் அடுத்த நாள் போய்க்கொள்ளலாம்.

நண்பகல் வெயிலில் நான் ஒதுங்கிய இடம் அனகாப்ரியின் சான் மிக்கேலே தேவாலயம். உள்ளே தரை முழுவதும் வண்ண ஓடுகள், 1761இல் பதித்தவை. ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து துரத்தப்படும் காட்சி, சுற்றிலும் யானை, முதலை, ஒற்றைக் கொம்புக் குதிரை என்று ஒரு காடே விரிந்திருக்கிறது. தரையை மிதிக்காமல் ஓரமாகப் போட்ட மரப்பலகையில் நடக்கவேண்டும். அப்படி நடந்தால் துண்டு துண்டாகத்தான் தெரியும். பின்னால் ஒரு குறுகிய சுழற்படி இருக்கிறது, அதில் ஏறுங்கள். மேலேயிருந்து பார்க்கும்போது மொத்தமும் ஒரே ஓவியமாகக் கண்ணில் விழும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வில்லா சான் மிக்கேலே. ஆக்செல் முந்தே என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் கட்டிய வீடு. 1929இல் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் விற்று இந்த வீட்டைப் புகழடைய வைத்தது. பளிங்குச் சிலைகளும் தோட்டமும் அழகுதான். எனக்கு அவரிடம் மரியாதை வந்தது காடைகளால். வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் காடைகள் களைத்துப்போய் இந்தத் தீவில் இறங்கும். அவற்றை வலை விரித்து ஆயிரக்கணக்கில் பிடிப்பது இங்கே பழைய தொழில். காப்ரியின் ஆயருக்கு அதிலிருந்து வருமானம் போனதால் அவரைக் காடை ஆயர் என்றே அழைத்தார்களாம். சட்டத்தால் நிறுத்த முடியாததை முந்தே பணத்தால் நிறுத்தினார்: வலை விரிக்கும் பார்பரோசா மலையை விலைக்கு வாங்கிவிட்டார். இன்றும் அங்கே வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டிக் கணக்கெடுக்கிறார்கள். சொகுசுத் தீவு என்ற பெயரைவிட இந்த ஒரு காரியம் காப்ரிக்குப் பெருமை.

ஊரின் நடுவிலிருந்தே ஒற்றை நாற்காலி ரோப் கார் 589 மீட்டர் உயரமுள்ள மோந்தே சொலாரோவுக்கு ஏற்றுகிறது. பன்னிரண்டு நிமிடம் திராட்சைக் கொடிக்கும் காய்கறிப் பாத்திக்கும் மேலே கால் தொங்கப் போகலாம். இறங்குவது நடந்தே இருக்கட்டும். சேத்ரெல்லா என்ற சிறிய மலைக்கோயில் வழியாக வந்தால் வழியில் சந்திக்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

கடலில் குளிக்க மணல் கரையை எதிர்பார்க்காதீர்கள். கூழாங்கல்லும் பாறையும்தான், ரப்பர் செருப்பு அவசியம். குடையும் சாய்நாற்காலியும் தரும் இடங்களில் கட்டணம் கைக்கு எட்டாது. தென்மேற்கு மூலையில் புந்தா கரேனா கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் துண்டை விரித்துப் படுக்கக் காசு கேட்பவர் இல்லை, தீவில் வெயில் கடைசியாக விலகுவதும் அங்கேதான். அலை இருக்கும் நாளில் மட்டும் இறங்காதீர்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிரமமில்லை. தக்காளி, மொஸரெல்லா, துளசி இனத்துப் பசிலிக்கோ சேர்ந்த காப்ரேசே சாலட் தீவின் பெயரையே தாங்கியது. பாலாடைக்கட்டியும் மருக்கொழுந்தை ஒத்த மணமுள்ள மஜோரானும் அடைத்த ராவியோலியை நான் சலிக்காமல் சாப்பிட்டேன். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாவு சேர்க்காமல் பாதாமும் சாக்லேட்டும் கொண்டு சுடும் தோர்த்தா காப்ரேசேயில் முட்டை உண்டு. காபியை நின்றபடி கவுண்ட்டரில் குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல மடங்கு. ஆனாலும் ஒரு இரவு, கூட்டம் போன பிறகு பியாசெத்தாவில் உட்கார்ந்து அந்தப் பல மடங்கைக் கொடுங்கள். கடை மூடியவர்களும் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளோடு வந்து உலாவும் நேரம் அது. காப்ரியின் பகட்டில் எனக்கு உண்மையாகவே பிடித்த பகுதி.

இங்கே தங்கிப்போனவர்களின் பட்டியல் வியப்பானது. மாக்சிம் கார்க்கி 1906 முதல் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். லெனின் அவரைப் பார்க்க 1908இலும் 1910இலும் வந்தார். அகஸ்டஸ் தோட்டத்துக்கு அருகே லெனினுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பாப்லோ நெருதா 1952இல் ஊரார் ஒருவர் தந்த வீட்டில் தங்கிக் காதல் கவிதைகள் எழுதினார். இவர்களெல்லாம் இங்கே வேலை செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். படிக்காமல் வைத்திருக்கும் தடித்த புத்தகம் ஒன்று இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதமும் செப்டம்பர் கடைசியும் எனக்கு ஏற்ற காலம். ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பரிலிருந்து பெரும்பாலான ஓட்டல்கள் மூடிவிடும். திரும்பும்போது, விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவை விட்டுக் கிளம்பும்படி திட்டமிடாதீர்கள். காற்று எழுந்தால் முதலில் நிறுத்தப்படுவது அதிவேகப் படகுகள். மெதுவாகப் போகும் பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகும் ஓடும், அவை நேப்பிள்ஸில் வேறொரு துறையில் போய் நிற்கும். கடைசி இரவை நேப்பிள்ஸில் வைத்துக்கொண்டு, முந்தைய நாள் மதியக் கப்பலில் கிளம்புங்கள். அந்த நேரத்தில் தீவுக்கு வருகிறவர்களும் குறைவு, திரும்புகிறவர்களும் குறைவு. மேல்தளத்தில் உட்கார இடம் கிடைக்கும்.