வக்தும் வாழ்க்கையும்



திருக்குர்ஆனின் 103ஆவது அத்தியாயமான ஸூரத்துல் அஸ்ரில் மூன்றே வசனங்கள்தாம். நம் பிள்ளைகள் மக்தபில் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் இந்த ஸூரா, மனிதன் நஷ்டத்தில் இருப்பதைச் சொல்லி எச்சரிக்கிறது. நஷ்டம் என்பது வியாபாரிக்கு நன்கு தெரிந்த சொல். இந்த ரமளானில் விட்ட முதலை அடுத்த ரமளானில் எடுத்துவிடலாம். போன நாளை எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்க முடியாது.

நம் ஊரின் இரண்டு கடிகாரங்கள்

நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் அமைத்தது. அங்கே கணித்த மதராஸ் நேரத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே பின்பற்றியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொதுநேரம் வந்தது. அது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால், நம் ஊர்ச் சூரியன் கைக்கடிகாரத்தைவிடச் சராசரியாக 9 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது. அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இல்லை. பிப்ரவரி நடுவில் 12.23 மணி வாக்கில், நவம்பர் தொடக்கத்தில் 11.53 மணி வாக்கில். லுஹர் வக்து அரை மணி நேரம் முன்பின் நகர்வது இதனால்தான்.

அலுவலகக் கடிகாரம் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு, அதுவும் தேவைதான். ஆனால் வக்து அல்லாஹ் படைத்த சூரியனோடு நடக்கிறது. அதைக் கணிப்பதற்கென்றே டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஷாதிர் என்ற வானியல் அறிஞர் பணியில் இருந்தார். நமக்கு அருகே பழவேற்காட்டுப் பள்ளிவாசலிலும் சூரியக் கடிகாரம் உண்டு.

ஐந்து வக்தும் நாளை ஐந்தாகப் பகுத்துத் தருகின்றன. ஒவ்வொரு பாங்கும் கைவேலையை நிறுத்தி, முடித்தது எது, மிச்சம் எது என்று பார்க்க வைக்கிறது. இந்த நிறுத்தம் மனதுக்கு ஓய்வு. அடுத்த வேலைக்கு அதுவே தெம்பு.

நடைமுறைக்குச் சில

இரவு: இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இன்று அந்த வீண்பேச்சு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தி.நகர்க் கடைகளில் வேலை முடித்து இரவு பத்து, பதினொரு மணிக்கு வீடு திரும்புபவர்களை நாம் குறை சொல்லவில்லை. வாய்ப்புள்ளவர்கள் கைலூலா என்னும் பகல் சிறுதூக்கத்தால் அதை ஈடு செய்யலாம். ஆனால் படுக்கையில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு ஃபஜ்ரை இழப்பது நம் கையில் உள்ள தவறு.

காலை: உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அதை அறிவித்த ஸஹாபி ஸக்ர் (ரலி) ஒரு வியாபாரி. சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார் என்று அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருகிறது.

வீடு: முதலில் எழுந்து கடைசியில் படுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் உதவி, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆண்கள் அரை மணி நேரம் பாத்திரம் கழுவினால், அந்த அரை மணி ஒரு தாய்க்கு ஓதவும் ஓய்வெடுக்கவும் கிடைக்கும்.

கடைசித் தேதி: கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் குடும்பங்களில் ஆண்டுதோறும் சிலர், தேதி முடிந்த பிறகு கண்ணீரோடு நிற்கிறார்கள். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்த அன்றே கைக்கு வந்துவிடாது. கடைசி வாரத்தில் அலைந்தால் நஷ்டம் பெற்றோருக்கு மட்டுமல்ல, படிக்க வேண்டிய பிள்ளைக்கு ஓராண்டே போய்விடலாம். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சான்றிதழ்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்து பார்ப்போம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் நேரம் எங்கே போகிறது என்று ஏழு நாள் எழுதி வைப்போம். கணக்கு எழுதினால்தான் கசிவு தெரியும்.

நம் நேரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.