பார்லருக்குப் போகும் முன் ஓர் அரிசி நீளம்

தை பிறந்தால் எங்கள் வேடந்தாங்கல் பக்கம் இரண்டு விதமான கூட்டம். ஏரியில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்க, கரை முழுக்க அவற்றைப் பார்க்க வந்தவர்கள். அதே வாரங்களில் முகூர்த்தங்களும் வரிசை கட்டும். மதுராந்தகத்திலும் செங்கல்பட்டிலும் பார்லர்களில் உட்கார இடம் கிடைக்காது. அங்கே முதல்முறையாக வேக்ஸிங் செய்துகொள்ளப் போகும் பெண்களுக்காகவே இந்தக் குறிப்புகள். வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் இருப்பதில்லை. தெரியாமல் போய்த் தோல் உரிந்து திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

1. ஷேவ் செய்துகொண்டு போகாதீர்கள். பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான், காரணம் கூச்சம். "இவ்வளவு முடியோட போய் எப்படி நிக்கிறது" என்று முதல் நாள் ராத்திரி ரேசரை எடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் போனேன். படாளம் கூட்டுரோட்டில் பஸ் மாறி, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால், பார்லர் அக்கா கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஷேவ் பண்ணிட்டியா? பிடிக்க ஒண்ணுமே இல்லையே. மூணு வாரம் கழிச்சு வா" என்றார். அவர் சொன்னது சரி. வேக்ஸ் முடியைப் பற்றிக்கொண்டால்தான் வேரோடு வரும். ஷேவ் செய்திருந்தால் 2 முதல் 3 வாரம் வளரவிட்டுப் போங்கள். முடியைப் பார்த்து முகம் சுளிக்கும் வேலை பார்லரில் யாருக்கும் இல்லை. முடி இருந்தால்தான் அவர்களுக்கு வேலையே.

2. அளவு ஓர் அரிசி. வேகாத பொன்னி அரிசி ஒன்றை எடுத்து முடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நீளம், அதாவது கால் அங்குலத்தை ஒட்டி, 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும். அதைவிடக் குட்டையானால் வேக்ஸ் பிடிக்காது. அரை அங்குலத்தைத் தாண்டினால் முடி வேக்ஸில் சிக்கிக்கொள்ளும். ஸ்ட்ரிப்பை இழுக்கும்போது வேரோடு வராமல் நடுவில் அறுந்துபோகும், தோலும் சேர்ந்து இழுபடும். வலி கூடுவதும், ரத்தம் கட்டுவதும், பிறகு தோலுக்குள்ளேயே முடி சுருண்டு வளர்ந்து கட்டி போல வீங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

3. கை, கால் முடியைத் தொடவே வேண்டாம். அது மெல்லியது, அப்படியே வேக்ஸ் செய்யலாம். வெட்ட வேண்டியது அக்குளிலும் தொடை இடுக்கிலும்தான். அங்கே முடி தடிமன், நீளமும் அதிகம்.

4. போவதற்கு முதல் நாள் சாயங்காலம், குளிப்பதற்கு முன், முடி உலர்ந்திருக்கும்போது வெட்டுங்கள். ஈர முடி ஒட்டிக்கொண்டு நீளமாகத் தெரியும்; அளவு தப்பிப் போய் அதிகமாக வெட்டிவிடுவோம். எண்ணெய் தேய்த்திருந்தாலும் வழுக்கும். கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். வெட்டியதை அப்படியே மடித்துக் குப்பையில் போடலாம். பாத்ரூம் குழிக்குள் விட்டால் அடைப்புதான்.

5. டிரிம்மர் இருந்தால் 6 மில்லிமீட்டர் சீப்பை மாட்டிக்கொள்ளுங்கள். சீப்பு இல்லாமல் வெறும் பிளேடை வைத்தால் அது ஷேவ் மாதிரிதான், வெட்டுக்காயமும் படும். அக்குளில் முடி ஒரே பக்கமாக வளராது. மேல் பாதி ஒரு திசை, கீழ்ப் பாதி இன்னொரு திசை. கையைத் தலைக்கு மேல் தூக்கி, தோல் விறைப்பாக நிற்கும்படி வைத்து, இரண்டு திசையிலும் மெதுவாக ஓட்டுங்கள். அழுத்த வேண்டாம்.

6. டிரிம்மர் இல்லையா? நெருக்கமான பல் உள்ள சீப்பைத் தோலோடு படுக்கவைத்து முடியை வாரி மேலே தூக்குங்கள். சீப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் எப்போதும் சீப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே கத்தரிப்பில் முடிக்க நினைக்காமல், கொஞ்சம் வெட்டி, அரிசியை வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டுங்கள்.

7. தொடை இடுக்கில் கத்தரி வைக்கவே வைக்காதீர்கள். கண்ணாடி முன் ஒரு காலை முக்காலி மேல் வைத்து, தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, சீப்பு மாட்டிய டிரிம்மரால் மட்டும் செய்யுங்கள். பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பார்லரில் சொன்னால் அவர்களே வெட்டிவிடுவார்கள். அந்த இடத்து முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது அழுக்கும் அல்ல; உரசலிலிருந்து தோலைக் காப்பதற்காக இருப்பது. கல்யாணம் நிச்சயமான பெண்ணை இதற்காக யாரும் நெருக்கக் கூடாது.

8. அண்ணனோ வீட்டுக்காரரோ தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மரை எடுக்காதீர்கள். உங்களுக்கென்று ஒன்று தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பிளேடைத் துலக்கி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து வையுங்கள். வெட்டும்போது காயம் பட்டுவிட்டால் அது ஆறும்வரை அந்த இடத்தில் வேக்ஸ் கூடாது.

9. காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போய்விட்டு மறுநாளே பார்லரில் உட்காராதீர்கள். நாள் முழுக்க வெயில் பட்ட தோலும், உப்புத் தண்ணீரில் ஊறி வறண்ட தோலும் சீக்கிரம் உரியும். எரிச்சல், சிவப்பு அடங்கிய பிறகு போகலாம். வேக்ஸ் செய்த பிறகும் ஒரு நாளாவது கடலில் இறங்க வேண்டாம்.

10. முகப்பருவுக்கு ரெட்டினால், அடாபலீன் போன்ற கிரீம் தடவுகிறவர்கள், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். இதில் கூச்சப்பட்டு மறைத்தால் கஷ்டம் உங்களுக்குத்தான். மச்சம், மரு, புடைத்த நரம்பு இருக்கும் இடத்தைப் பார்லரில் முன்பே காட்டிவிடுங்கள்.

11. கல்யாணப் பெண்ணுக்கு: நலங்குக்கும் வேக்ஸிங்குக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். வேக்ஸ் செய்த அன்றே நலங்கு மாவும் மஞ்சளும் வைத்துத் தேய்த்தால் எரியும்; சிவந்த தடிப்பு முகூர்த்தம்வரை போகாது. புது இடம் என்றால் ஒரு மாதம் முன்பே முழங்கைக்குக் கீழே கொஞ்சமாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

12. போகும் நாளில் அக்குளில் எண்ணெய், லோஷன், டியோடரண்ட் எதுவும் வேண்டாம். தளர்வான பருத்திச் சுடிதார் போடுங்கள். திரும்பி வரும் பஸ் நெரிசலில் இறுக்கமான கை உரசினால் தாங்காது. வேக்ஸை முதலில் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் தடவிய குச்சியைத் திரும்ப வேக்ஸ் சட்டியில் விட்டால், "அக்கா, வேற குச்சி எடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நிற்கும் கற்றாழை மடல் ஒன்றை வெட்டி, மஞ்சள் பால் முழுக்க வடியும்வரை சாய்த்து வைத்து, உள்ளிருக்கும் சோற்றைக் கழுவிவிட்டுத் தடவிக்கொள்ளுங்கள்.