செல்வரைத் தேடும் நோயோ?

வறுமையும் கல்லாமையும் உள்ளவிடத்தே நோய் மிகும் என்பது நாம் பலகாலும் கேட்ட செய்தி. தைராய்டுப் புற்றுநோயின் கணக்கோ இதற்கு மாறாக நிற்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வருவாயும் கல்வியும் மிக்க பகுதிகளிலேயே இந்நோய் மிகுதியாகப் பதிவாகியுள்ளது. செல்வம் கழுத்தில் நஞ்சு பெய்யுமோ?

தென்கொரிய நாட்டு வரலாறு இவ்வையத்தைத் தெளிவிக்கும். 1999-இல் அந்நாட்டு அரசாங்கம் வேறு சில புற்றுநோய்களுக்குப் பொதுச்சோதனை ஏற்படுத்திற்று. தைராய்டு அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் சிறுதொகை கூடுதலாகக் கொடுத்தார்க்கு மருத்துவர் கழுத்தையும் செவிக்கெட்டா ஒலியலைக் கருவியால் நோக்கினர். 2011-இல் இந்நோய் கண்டோர் விகிதம் 1993-இல் இருந்ததினும் 15 மடங்காயிற்று. இறந்தோர் விகிதமோ மாறிற்றில்லை. எனவே, பெருகியது பெரும்பாலும் நோயன்று, கண்டுபிடிப்பே என்பது போதரும். வாழ்நாள் முழுதும் தீங்கிழையாது கிடக்கும் நுண்ணிய கட்டிகள் பலர் கழுத்தில் உள; தேடுவார்க்கு அவை அகப்படும். தேடுதற்குப் பொருளும், தேடல்வேண்டும் என்னும் எண்ணமும் மிகுதியாக உடையார் கற்ற செல்வரே யன்றோ! (கழுத்தில் வீக்கம் வெளிப்படத் தோன்றியும் மருத்துவரை அணுக வகையற்ற ஏழையின் நிலை வேறு; அவர்க்குச் சோதனை இன்றியமையாதது.)

அகப்பட்டபின் நேர்வது எளிதன்று. சுரப்பியை முற்றும் அகற்றப்பெற்றார் வாழ்நாள் முழுதும் நாடோறும் மாத்திரை உண்ணல் வேண்டும்; சிலர்க்குக் குரலும் கெடும். 2014-இல் கொரிய மருத்துவர் சிலர் இதனை வெளிப்படையாக எடுத்துரைத்தனர். ஓராண்டிற்குள் அந்நாட்டில் தைராய்டு அறுவைகள் நூற்றுக்கு 35 குறைந்தன.