ஏரி இன்பமும் பொதுப் பொறுப்பும்

உழைப்போர்க்கு ஓய்வும் பொழுதுபோக்கும் இன்றியமையாதன. ஆயின், பொது நீர்நிலையில் துய்க்கும் இன்பத்திற்கு ஒரு விலையுண்டு. அதனைச் செலுத்துவோர் யாவர் என்பதே வினா.

திருவனந்தபுரத்தில், பெரிய திருக்குளம் உடைய ஸ்ரீவராகம் பகுதியிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது வெள்ளாயணி ஏரி. சாஸ்தாம்கோட்டை, பூக்கோடு ஆகியவற்றைப் போன்று இதுவும் கேரளத்தின் நன்னீர் ஏரிகளுள் ஒன்றாகும். சுற்றுப்புற மக்களுக்கு இது குடிநீர் வழங்குகிறது.

கடலோடு நேர்த்தொடர்பு இல்லாத ஏரியை ஓதநீர் கழுவிச் செல்வதில்லை. சோப்பு நீரும் உணவுக் கழிவும் அதிலேயே தங்கி, ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது நீர்ப்பரப்பை மூடவே, நீரில் உயிர்வளி குறைந்து மீன்வளம் குன்றுகிறது. இன்பம் துய்ப்பவர் சிலர்; இழப்பை ஏற்போர் மீனவரும் குடிநீர் கொள்வோருமே. பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர்.

உயிர்ப் பாதுகாப்பும் இத்தகையதே. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று நேர்ந்த படகு விபத்தில் 45 பேரும், தானூரில் 2023 மே 7 அன்று 22 பேரும் மாண்டனர். தானூர்ப் படகு அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஏற்றியிருந்தது. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் படகுகளின் பதிவையும் தகுதிச் சோதனையையும் வலியுறுத்துகிறது.

எனினும், சட்டம் துறைமேடையில் நின்று ஆட்களை எண்ணுவதில்லை. அலுவலர் எண்ண வேண்டும்; நிறைந்த படகில் ஏற மறுக்கும் துணிவு மக்களுக்கு வேண்டும். கொண்டுசென்ற குப்பையைக் கரையிலே விடாது மீட்டுக்கொணர்தலும் அவ்வாறே நம் கடமையாகும்.