டீசல் வண்டியின் மூச்சு: காற்று வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

அங்கத்தினர்களுக்கு இம்மாதப் பாடமாக ஒரு சிறு பொருளை எடுத்துக் கொள்வோம். விலையிலும் உருவத்திலும் அது சிறியதே. ஆயினும் அதைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு, சங்கத்தின் ஓராண்டு இலாபத்தை விழுங்கிவிடக் கூடியது. டீசல் சரக்கு வண்டியின் காற்று வடிகட்டியே அப்பொருள். பட்டறைகளில் இதனை 'ஏர் பில்டர்' என்பர்.

ஆரணியில் நெய்த பட்டுச் சேலைகள் சென்னைக்குச் செல்வதும், செங்கம், தண்டராம்பட்டுப் பக்கங்களில் விளைந்த மணிலாக்கொட்டை திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை அடைவதும் இன்று பெரும்பாலும் சிறு டீசல் வண்டிகளிலேயே நடைபெறுகின்றன. சில சங்கங்கள் சொந்த வண்டி வைத்திருக்கின்றன. அங்கத்தினர் சிலரும் வைத்திருக்கின்றனர். வடிகட்டியை மாற்ற வேண்டிய காலம் வரும்போது, வண்டியைச் செய்த கம்பெனியின் பொருளையே வாங்குவதா, வெளிக் கம்பெனிகள் செய்து விற்கும் பொருளை வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. வெளிச் சரக்கு எல்லாம் தீயது என்பது தவறு. விலை குறைவாக இருப்பதால் அதுவே நலம் என்பதும் தவறு. எவ்வாறு ஆராய்ந்து முடிவு செய்வது என்பதே நாம் கற்க வேண்டியது.

எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது?

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர், 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன் தத்துவம் எளியது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, அதனை 15 முதல் 20 பங்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் வெப்பம் சுமார் 500 டிகிரியைத் தாண்டும். அந்த நிலையில் எண்ணெயைத் தெளித்தவுடன் அது தானே பற்றிக் கொள்ளும். ஆகவே டீசல் எஞ்சினுக்குக் காற்றும் எண்ணெயைப் போன்ற ஓர் உணவேயாகும்.

ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் இதனினும் மிகுதியாகவே எஞ்சின் இழுக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று கொள்வோமாயின், ஒரு வழிப் பயணத்திற்குச் சுமார் 16 லிட்டர் டீசலும், குறைந்தது 1,60,000 லிட்டர் காற்றும் செலவாகும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு தறி அறையில் அடங்கும் காற்று 60,000 லிட்டரே. எனவே, ஏறக்குறைய மூன்று அறைகளின் காற்றை எஞ்சின் ஒரே பயணத்தில் குடித்துவிடுகிறது. அந்தக் காற்றில் உள்ள தூசு அனைத்தும் வடிகட்டியின் முன் வந்து நிற்கிறது.

நமது மண்ணின் தூசு

கிராமத்து மண் சாலைகள், கருங்கல் உடைக்கும் இடங்கள், செங்கற் சூளைகள், கதிரடிக்கும் களங்கள், பௌர்ணமி தோறும் மக்கள் திரளும் கிரிவலப் பாதை ஆகிய யாவும் நமது வண்டிகள் நாள்தோறும் காணும் இடங்கள். இவற்றில் எழும் தூசில் கலந்துள்ள படிகக்கல் துகள் சாதாரண எஃகினும் கடினமானது. மனிதனின் மயிரிழை ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது. எஞ்சினைத் தேய்ப்பதில் கொடிய தூசோ 5 முதல் 20 மைக்ரான் அளவே உள்ளது. கண்ணுக்குப் புலப்படாத இத்துகள் பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் புகுந்து, உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்க்கிறது. டர்போ பொருத்திய வண்டியாயின் அதன் வேகச் சுழல் இலைகளையும் அரிக்கிறது.

இந்தத் துன்பத்தை முதலில் நன்குணர்ந்தவர்கள் உழவர்களே. 1915-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிராக்டர் விற்று வந்த பிராங்க் டொனால்ட்சன் என்பவர், வயற்புழுதியால் டிராக்டர் எஞ்சின்கள் விரைவில் தேய்ந்து போவதைக் கண்டு, அதனைத் தடுக்க ஒரு காற்றுச் சுத்திகரிப்பானை அமைத்தார். கழனியின் புழுதியிலிருந்தே இக்கலை வளர்ந்தது எனலாம்.

நாம் பட்ட அனுபவம்

நாம் சார்ந்த சங்கத்தின் வண்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வடிகட்டி மாற்ற வேண்டியிருந்தது. நிர்வாகக் குழு மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, வழக்கம் போல் மிகக் குறைந்ததை ஏற்றது. 'இது நமது வண்டி மாடலுக்கு உரியதுதானா?' என்று எவரும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து, ஜவ்வாது மலைப் பாதையில் சுமையுடன் ஏறுகையில் வண்டியின் இழுவை குன்றியது. நீலப் புகை வந்தது. தீபாவளிக்கு முன் சேலை மூட்டைகள் புறப்பட வேண்டிய வாரத்தில் எஞ்சின் பட்டறையில் பிரிந்து கிடந்தது. வாடகை வண்டி அமர்த்தினோம்; சரக்கு தாமதமாகச் சேர்ந்தது; நெசவாளர்களின் கூலிப் பட்டுவாடாவும் தாமதமாயிற்று.

குழுவினர் முதலில் ஓட்டுநர் மீதே குற்றம் சுமத்தினர். வண்டியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவரிடம் விளக்கமும் கேட்டனர். பட்டறை மேஸ்திரி ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, வடிகட்டிக்கு அப்பால் எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தைத் துடைத்துக் காட்டினார். துணி செம்மண் நிறமாயிற்று. பழைய வடிகட்டியையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, புதியது உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. ரப்பர் விளிம்பு பெட்டியில் அழுந்தவில்லை. அந்த இடுக்கின் வழியே தூசு தாராளமாகச் சென்றிருக்கிறது. தவறு ஓட்டுநருடையதன்று, நம்முடையதே. அடுத்த கூட்டத்தில் குழு அவரிடம் வருத்தம் தெரிவித்து, அதனைத் தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்தது. இப்பாடத்தை எழுதத் தூண்டியதும் அந்நிகழ்ச்சியே.

வடிகட்டியின் வகைகள்

நெசவாளருக்கு இதனை விளக்குதல் எளிது. பாவும் ஊடையும் நெருங்கினால் துணி தூசைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும். இழை கலந்து நின்றால் காற்று தாராளமாகப் போகும், தூசும் உடன் போகும். இவ்விரண்டிற்கும் இடையே சமநிலை காண்பதே வடிகட்டி செய்வோரின் திறமை.

மடிப்புக் காகித வடிகட்டியே இன்று பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. காகிதத்தைப் பல மடிப்புகளாக அமைப்பதால், சிறிய இடத்தில் பெரிய பரப்புக் கிடைக்கிறது. நுண்ணிய தூசையும் நன்கு தடுக்கிறது. நமது மாவட்டத்துச் சாலைகளுக்கு இதுவே ஏற்றது.

எண்ணெய் தடவிய பருத்தி வலை வடிகட்டியைக் கழுவித் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். காற்றும் எளிதில் செல்லும். ஆயின் நுண் தூசைத் தடுப்பதில் இது பொதுவாக நல்ல காகிதத்திற்கு ஈடாகாது. எண்ணெய் மிகுதியாகப் பூசினால், அது பறந்து காற்றின் அளவைக் காட்டும் நுண் கருவியின் மீது படியும். அக்கருவி பொய்க் கணக்குக் காட்டும். இதனைப் பொருத்தினால் இழுவை பெருகும் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். டீசல் எஞ்சினின் வலிமை தெளிக்கப்படும் எண்ணெயின் அளவைப் பொறுத்தது. வடிகட்டி அடைபட்டிருந்தாலன்றி, அதனை மட்டும் மாற்றுவதால் சுமை வண்டிக்குக் குறிப்பிடத் தக்க பயன் விளையாது.

பழைய டிராக்டர்களிலும் எஞ்சின்களிலும் உள்ள எண்ணெய்த் தொட்டி வடிகட்டி உறுதியானது. ஆயினும் இன்றைய வண்டிகளுக்கு உரியதன்று.

நூற்றுக்கு எவ்வளவு?

ஒருவர் தம் வடிகட்டி நூற்றுக்கு 99 பங்கு தூசைத் தடுக்கும் என்கிறார், மற்றொருவர் 99.9 பங்கு என்கிறார். வேறுபாடு அற்பமென்று தோன்றும். தடுத்ததைப் பாராமல், உள்ளே விட்டதைப் பாருங்கள். 100 கிராம் தூசு வந்தால் முதலாவது ஒரு கிராமையும், இரண்டாவது அதில் பத்தில் ஒரு பங்கையும் உள்ளே விடுகின்றன. எஞ்சினுக்குள் செல்லும் தூசு பத்து மடங்கு வேறுபடுகிறது. ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேசத் தர முறை வடிகட்டிகளைச் சோதிப்பதற்கென்றே ஏற்பட்டது. தடுக்கும் திறன், தூசு கொள்ளும் அளவு, காற்றுக்கு ஏற்படும் தடை ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றவற்றை மறைக்கும் விளம்பரத்தை நம்பலாகாது.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. வண்டியின் கையேட்டிலுள்ள பாக எண்ணை எழுதிச் செல்க. வெளிக் கம்பெனிப் பெட்டியில் அதற்கு இணையான எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு மாடல் மாறும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலைப் புகை விதிகளுக்குப் பின் செய்த வண்டிக்கும் அதற்கு முந்தியதற்கும் ஒரே பாகம் பொருந்தும் என்று எண்ணலாகாது.

2. பழைய வடிகட்டியை உடன் கொண்டு சென்று உயரம், அகலம், விளிம்பு ஆகியவற்றை ஒப்பிடுக.

3. ரப்பர் விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்க. அது மென்மையாய் அழுந்தி மீள வேண்டும். கட்டியாகவோ வெடித்தோ இருப்பது ஆகாது.

4. மடிப்புகள் ஒரே இடைவெளியில் நேராக நிற்கின்றனவா, பசை விட்ட இடம் உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க. சிறு துளையும் ஆகாது. மடிப்புகளை எண்ணுக, பழையதைவிட வெகு குறைவாயின் தூசு கொள்ளும் பரப்பும் குறைவே.

5. போலிச் சரக்கு மிகுதி. அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குக. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின் கையேட்டின் நிபந்தனைகளை முதலில் படிக்க.

பொருத்துதலும் பராமரிப்பும்

பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்த பின்னரே புதியதை வைக்க வேண்டும். கொக்கிகள் யாவும் இறுகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் தூசு வெளியேற ரப்பர் வாய் இருக்குமாயின், அது அடைபடாமல் காக்க வேண்டும். சில நாட்கள் ஓடிய பின் வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்க. துணி தூய்மையாயிருந்தால் பொருத்தம் சரியானது.

அடிக்கடி திறந்து தட்டுவதும், கம்பிரசர் காற்றை வேகமாகப் பாய்ச்சுவதும் நன்றன்று. காகிதம் நைந்து கிழியும். அன்றியும், மேலே சிறிது தூசு படிந்த வடிகட்டி புதியதைவிட நன்றாகவே தடுக்கிறது. எனவே அழுக்காகத் தோன்றியவுடன் மாற்ற வேண்டுவதில்லை. கையேடு கூறும் கெடுவில் மாற்றினால் போதும். புழுதிச் சாலையில் மிகுதியாக ஓடும் வண்டிக்கு மட்டும் அக்கெடுவைக் குறைத்துக் கொள்ள வேண்டும். மழையில் நனைந்து ஊறிய காகிதத்தை உடனே மாற்றிவிட வேண்டும். சுமையேறும்போது கரும்புகை வந்தால், வடிகட்டி அடைபட்டு மூச்சுத் திணறுகிறதா என்று முதலில் பார்க்கலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டுவது. அதற்குள் தேய்மானம் நேர்ந்திருக்கக் கூடும்.

சங்கத்தின் கடமை

விலைப்புள்ளி கேட்பது நல்ல வழக்கமே. பொதுப் பணத்திற்கு அது காவல். ஆயின் ஒரே தரமுள்ள பொருள்களுக்கிடையேதான் விலையை ஒப்பிட வேண்டும். பாக எண்ணையும் தரத்தையும் விலைப்புள்ளிப் படிவத்திலேயே காரியதரிசி குறிப்பிட வேண்டும். ஓட்டுநரையும் மேஸ்திரியையும் கலந்த பின்னரே குழு முடிவு செய்ய வேண்டும். நாள்தோறும் வண்டியுடன் பழகுபவருக்குத் தெரிந்தது, மேசைக்குப் பின் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது. வண்டி வைத்துள்ள அங்கத்தினர் சிலர் சேர்ந்து ஒரே கடையில் மொத்தமாக வாங்கினால், நல்ல சரக்கையே குறைந்த விலைக்குப் பெறலாம். கூட்டுறவின் பயன் இத்தகைய சிறு காரியங்களிலும் உண்டு.

வினாக்கள்

1. 97 பங்கு தடுக்கும் வடிகட்டி, 99 பங்கு தடுப்பதைவிட எத்தனை மடங்கு தூசை உள்ளே விடுகிறது?

2. வெள்ளைத் துணிச் சோதனையை எந்தப் பக்கத்தில் செய்ய வேண்டும்? ஏன்?

3. உங்கள் சங்க வண்டியின் வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? பாக எண் பதிவேட்டில் உள்ளதா?

மூன்றாவது வினாவுக்கு விடை கூற இயலாத சங்கங்கள், அடுத்த குழுக் கூட்டத்திலேயே அதனை முதற் பொருளாக எடுத்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம்.